காரணமும் நியதியும்: ஆன்ஸ்கம் அம்மையாரின் காரண ஆராய்ச்சி

காரணம் பற்றி ஆராயப் புகுந்த நூல்களெல்லாம் இரண்டு வினாக்களை எதிர்நோக்குவனவாகும். தோன்றும் பொருள் ஒவ்வொன்றற்கும் காரணம் உண்டோ என்பது ஒன்று; காரணம் என்று சொல்லப்படுவது தான் யாது என்பது மற்றொன்று. இவற்றுள் முன்னையதே பெரிதும் வாதிக்கப்பட்டது. பின்னையது எல்லார்க்கும் தெரிந்ததொன்றெனக் கொள்ளப்பட்டுத் தனித்த ஆராய்ச்சியின்றி விடப்பட்டது. அங்ஙனம் விடப்பட்டதனை எடுத்து, நூற்றாண்டுகளாக ஒருவரும் ஐயுறாத இடத்தில் ஐயத்தை நிறுத்தியவர் எலிசபெத் ஆன்ஸ்கம் அம்மையார்.

இவர் 1919-ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டு லிமரிக் நகரிற் பிறந்தவர், ஆக்ஸ்போர்டிற் பயின்றவர், கேம்பிரிட்ஜில் விட்கன்ஸ்டைன் என்னும் பேரறிஞரிடம் பாடங்கேட்டு, அவர் மறைந்தபின் 1953-ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது பெருநூலை ஜெர்மானிய மொழியினின்றும் ஆங்கிலத்திற் பெயர்த்தவர். ஆசிரியர் ஒருகாலத்து வகித்த அதே தத்துவப் பேராசிரியர் பதவியை 1970-ஆம் ஆண்டில் மாணாக்கியார் ஏற்றார். ஏற்றதன் அடையாளமாக 1971-ஆம் ஆண்டில் அவர் நிகழ்த்திய விரிவுரையே ஈண்டு ஆராய்ச்சிக்குரியது. அளவில் மிகச் சிறியது அது. சிறு புத்தகமாக அச்சிட்டும் சில ஏடுகளே தேறின. பின்னர் 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது கட்டுரைத் தொகுதி மூன்றனுள் இரண்டாவதில் அது சேர்க்கப்பட்டது. 2001-ஆம் ஆண்டில் அம்மையார் மறைந்தார். அவ்வுரையைப் பற்றிய வாதம் மறைந்திலது.

அவ்வுரையின் கருத்து ஒரு வாக்கியத்தில் அடங்கும்: காரணமாதல் வேறு, நியதியாதல் வேறு. ஈண்டு நியதி என்னுஞ் சொல், சைவ நூல்களில் வித்தியா தத்துவங்களுள் ஒன்றாய், அவரவர் செய்த வினையின் பயனை அவரவரே நுகருமாறு நிறுத்துவதாகச் சொல்லப்படும் தத்துவத்தைக் குறிப்பதன்று. இது நிகழின் அது நிகழாதொழிதல் கூடாது என்னும் கட்டாயத்தையே குறிப்பது. சொல் ஒன்றாதல் பற்றிப் பொருளும் ஒன்றென மயங்குவார்க்கு இவ்வாராய்ச்சி முழுவதும் பிழைபட்டுத் தோன்றும்.

மேனாட்டு நூலார் இவ்விரண்டனையும் எங்ஙனம் ஒன்றாக்கினர் என்பது அறியற்பாலது. டேவிட் ஹ்யூம் என்பார் 1739-ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய தமது மானுட இயல்பு பற்றிய நூலில், ஒரு பந்து மற்றொரு பந்தின்மேல் முட்ட அது உருளுதலைக் காட்டி, ஈண்டுக் கண்ணாற் காணப்படுவன யாவை என வினவினார். முன்னது வந்து அடுத்தது காணப்படுகின்றது; பின்னது பின்னர் அசைதல் காணப்படுகின்றது; இத்தகையன எப்பொழுதும் இங்ஙனமே நிகழ்ந்தமை நினைவில் உளது. இவற்றின் மேலாகக் கட்டாயம் என ஒன்று காணப்படவில்லை. காணப்படாத அதனை மனம் தன் பழக்கத்தால் ஏற்றிக்கொள்கின்றது என்பது அவர் முடிபு. இம்முடிபினாற் கலங்கிய காண்ட் என்பார் 1781-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில், அக்கட்டாயம் பழக்கத்தால் வந்ததன்று. அனுபவம் அனுபவமாதற்கே வேண்டப்படும் அறிவின் அமைப்பினால் வந்தது என நிறுவ முயன்றார். இருவரும் பகைவர்போல் நிற்பினும் ஓரிடத்தில் உடன்பட்டனர். ஒருவர் நியதியை மனப்பழக்கத்தில் வைத்தார். மற்றவர் அறிவின் அமைப்பில் வைத்தார். காரணம் என்றால் நியதி என்னும் முடிச்சை மட்டும் இருவரும் அவிழ்த்திலர். நியதியைப் பொருளிடத்துக் காணேன் என்ற ஹ்யூமும், அது காரணம் என்பதன் பொருளிலே அடங்கியதன்று எனக் கூறத் துணிந்திலர். இதனைச் சுட்டிக் காட்டியதே ஆன்ஸ்கம் அம்மையாரின் முதற்றொண்டு.

அங்ஙனமாயின் நியதியை நீக்கியபின் காரணம் என்பதில் எஞ்சுவது யாது? காரியம் காரணத்தினின்றும் வருதலே எஞ்சுவது என்பர் அம்மையார். மகவு பெற்றோரினின்றும் வருகின்றது. சுவடு காலினின்றும் வருகின்றது. நோய் தொற்றினின்றும் வருகின்றது. வருதற்றன்மை ஒன்றே எல்லாக் காரணத்திற்கும் பொதுவாவது. அது தப்பாமல் வருதலும், எங்கும் ஒருபடியாய் வருதலும் சில காரணங்கட்கு மட்டும் உரிய மேலதிக இயல்புகள்.

தொற்றுநோயை அம்மையார் எடுத்துக்காட்டாக்கியது மிகப் பொருத்தமானது. காசநோயை நோக்குக. அந்நோய்க் கிருமியை 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் காக் என்னும் மருத்துவர் கண்டு வெளியிட்டார். உலக மக்களுள் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர் அக்கிருமி புகுந்த உடலினராக இக்காலத்து மதிப்பிடப்படுகின்றனர். அவருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே தம் வாழ்நாளில் நோய்ப்படுவர். ஏனையோர் கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டே நோயறியாது வாழ்ந்து முடிவர். கிருமி புகின் நோய் வந்தே தீரும் என்னும் நியதி ஈண்டு இல்லை என்பது வெளிப்படை. இல்லையாயினும், நோய்ப்பட்டானொருவனுக்கு அந்நோய் அக்கிருமியினின்றும் வந்தது என்பதில் எந்த மருத்துவனுக்கும் ஐயமில்லை. உடனுறைந்தானிடத்திருந்து இவனுக்குப் பற்றியது என்று கூறுவார், இன்ன நிலையில் உடனுறைந்தார் எல்லார்க்கும் பற்றும் என்னும் பொதுவிதியை அறிந்தபின் கூறுகின்றாரல்லர். தனி நிகழ்ச்சி முன்னரே துணியப்படுகின்றது. பொதுவிதி ஒன்று உளதாயின் அது பின்னர்த் தேடப்படுகின்றது.

இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. 1950-ஆம் ஆண்டில் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இருவர் இங்கிலாந்தில் நுரையீரற் புற்றுநோயாளரை ஆராய்ந்து, புகைபிடித்தலுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். புகைப்பவருட் பலர் அந்நோயின்றி முதுமையெய்துதலும், புகையாதார் சிலர் அந்நோயால் இறத்தலும் யாவரும் கண்டவை. காரணமாவது தப்பாது பயப்பதே எனக் கொள்வோன், புகைபிடித்தல் காரணமாகாது என்றே முடிக்கவேண்டும். முடிக்கவே, அதனை விற்றானுக்கும் அந்நோய்க்கும் தொடர்பில்லை என்பதும் உடன் முடியும். காரணத்தின் இலக்கணத்தைப் பிழைபடக் கொண்டால் பழியின் இலக்கணமும் பிழைபடும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா. இன்னொன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. புள்ளிக்கணித வல்லுநராகிய ரொனால்டு ஃபிஷர் 1957, 1958-ஆம் ஆண்டுகளில் இம்முடிபை மறுத்தபோது, புகைக்கும் வேட்கையும் நோயும் ஆகிய இரண்டும் ஒரே பிறவியியல்பினின்றும் வருதல் கூடும் என்றார். அவர் கூற்றுப் பின்னர் நிலைபெறவில்லை. ஆயினும் வாதம் எதன்மேல் நடந்தது என்பதே கருதத்தக்கது. நோய் எதனினின்றும் வந்தது என்பதே அங்கு இருதிறத்தாரும் வினவியது. அம்மையார் காரணத்தின் உயிர்நிலையெனக் கூறியதும் அதுவே.

அற்றேல், ஒருவற்கு நோய் வந்து, ஒப்பக் கிருமி புகுந்த மற்றொருவற்கு வாராமை எதனால்? இருவர்க்கும் இடையே வேறுபாடொன்று இருந்தே தீரவேண்டும். அவ்வேறுபாட்டையுங் கூட்டிக் காரணத்தை முழுமையாகச் சொல்லின் நியதி தானே வெளிப்படும் என்பாரும் உளர். இத்தடை வலியுடையதே. காசநோயில் உண்ணும் உணவும், உடம்பின் எதிர்ப்பாற்றலும், வேறு நோய்களும் அத்தகைய வேறுபாடுகளாதல் மருத்துவ நூலிற் காணப்படும். டொனால்டு டேவிட்ஸன் என்பார் 1967-ஆம் ஆண்டில் இத்தடையையே நயமுற விளக்கி, தனிக்காரணக் கூற்றொன்று மெய்யாயின் அதற்கு அடியாகப் பொதுவிதியொன்று உண்டு; அவ்விதி இன்னதென அறியப்படாதிருத்தலுங் கூடும் என்றார். அம்மையார் விடை இது: வேறுபாடு சிலவிடத்துக் காணப்படுகின்றது என்பது அனுபவம், எல்லாவிடத்தும் இருந்தே தீரும் என்பது அனுபவமன்று, ஒருவகைக் கொள்கைப் பற்று. காணப்படாவிடத்தும் உண்டெனச் சாதிப்பார், நியதியை நிறுவுதற்கு நியதியையே முன்வைத்தாராவர்.

வேறுபாடு தேடியும் கிடையாத இடமும் உண்டு. ரேடியம் என்னும் உலோகத்தின் அணுக்கள் தாமே சிதைவன. ஏறக்குறைய 1600 ஆண்டில் அவற்றுட் பாதி சிதைந்தொழியும். எவ்வணு எக்கணத்திற் சிதையும் என்பதனை எக்கருவியாலும் முன்னறிதல் இயலவில்லை. இன்று சிதைந்த அணுவுக்கும் ஆயிரம் ஆண்டு கழித்துச் சிதையும் அணுவுக்கும் இடையே வேறுபாடு ஒன்றும் காட்டப்படவில்லை. ஃபைன்மன் என்னும் இயற்பியல் அறிஞர் கூறியதோர் உவமையை அம்மையார் எடுத்தாளுகின்றார். இத்தகைய பொருளொன்றை அச்சிதைவை உணருங் கருவியோடு சேர்த்து, அக்கருவியை ஒரு வெடிகுண்டோடு பிணைத்து வைத்தானொருவன். குண்டு வெடித்தலும் வெடியாமையும் முன்னரே வரையறுக்கப்பட்டனவல்ல. வெடித்ததாயின், வெடித்தற்குக் காரணம் அவன் பிணைத்து வைத்தமையே என்பதில் யார்க்கு ஐயமுண்டு? நியதி இல்லாதவிடத்துக் காரணமும் இல்லை என்பான், அவனைக் குற்றத்தினின்றும் விடுவிக்கக் கடவான்.

அணுநூல் பின்னர் வேறுவகையாய் விளக்கப்படின் இவ்வாதம் வீழுமே எனின், வீழாது. டேவிட் போம் என்பார் 1952-ஆம் ஆண்டிலேயே அணுநிகழ்ச்சிகளை நியதியுடையனவாகக் கொள்ளும் விளக்கம் ஒன்றை வகுத்தார். அதனை முற்றிலும் பொய்யென ஒருவரும் காட்டவில்லை. ஆயினும் அம்மையாரின் வாதம் உலகம் நியதியற்றது என நிறுவ எழுந்ததன்று. உலகம் நியதியுடையதோ அன்றோ என்பது முடிவாகாமலிருக்கவும், குண்டு வைத்தவன் காரணனாவது முடிந்த முடிபாயிருக்கின்றது. ஆகலின் காரணம் என்பதன் பொருளில் நியதி அடங்கியதன்று என்பதே அவர் நிறுவ முயன்றது. இவ்வேறுபாட்டை நோக்காது, அவரை யதிருச்சாவாதி போல, அஃதாவது யாவும் தற்செயலாய் நிகழ்வன என்பாரைப்போல, எண்ணி மறுப்பது அவர்க்குச் செய்யும் அநீதியாகும்.

நியதியின் மேல் இத்துணைப் பற்று எங்ஙனம் வந்தது? அதனைப் பற்றி அம்மையார் கூறும் பகுதி சுவையுடையது. 1687-ஆம் ஆண்டில் நியூட்டனார் நூல் வெளிவந்து, கோள்களின் இயக்கம் கணக்கில் அடங்கிய வியப்பினால், அறிஞர் அனைவரும் உலக முழுவதும் கோள்மண்டிலம் போன்றதே எனக் கொண்டுவிட்டனர். கோள்மண்டிலமோ இடையூறு செய்யும் பிறபொருள் மிகக்குறைந்த, எங்கும் எளிதிற் கிட்டாததோர் அமைப்பு. அதனைப் பொதுவுக்கு அளவாக்கியது பிழை. விதிகள் பெரும்பாலும் சதுரங்க விதிகளை ஒப்பன. ஆடுவார் ஒருவரும் விதியை மீறுகின்றாரல்லர். ஆயினும் அடுத்து எக்காய் எங்கு நகரும் என்பதனை விதி சொல்வதில்லை. விதி உண்டு என்பதனால் நிகழ்வதெல்லாம் விதியால் முடிந்தது என்பது பெறப்படாது.

இனி, காரணத்தைக் காணேன் என்ற ஹ்யூமுக்கு அவர் கூறும் விடையை நோக்குக. காரணம் என்னும் பொதுச்சொல்லைக் கற்குமுன்னரே குழவி, தள்ளினான், நனைத்தது, சுட்டது, நசுக்கினான், தின்றது, சுமந்தான் என்னுஞ் சொற்களைக் கற்கின்றது. இவை யாவும் காரணப்பொருளை அகத்தடக்கிய சொற்கள். பூனை பாலைக் குடித்ததனைக் கண்டேன் என்பான், பூனையின் வாய் பாலை அணுகுதலையும் பின்னர்ப் பால் குறைதலையும் தனித்தனி கண்டு இடையே காரணத்தை ஊகித்தான் அல்லன், குடித்தலையே கண்டான். காணப்படுவனவற்றின் பட்டியலினின்றும் இவற்றை முன்னரே நீக்கிவைத்துப் பின்னர்க் காரணத்தைக் காணேன் என்பது, கதவை அடைத்து வைத்து ஒருவரும் வந்திலர் என்பதனை ஒக்கும்.

இவ்விடை கூரியதே, முடிந்ததோ எனின், அன்று. பெல்ஜியத்து அறிஞர் மிஷோட் 1946-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிற் சில உருவங்களை ஒன்றையொன்று முட்டித் தள்ளுவனபோல் இயங்கச் செய்து காட்டினார். கண்டோர், இது அதனைத் தள்ளியதைக் கண்டேம் என்றனர். உண்மையில் அங்குத் தள்ளுதல் ஒன்றும் நிகழவில்லை. சுழலுந் தட்டில் எழுதிய கோடுகளின் தோற்றமே அது. ஆதலின் கண்டேன் என்பது கொண்டே காரணம் உண்மையிற் காணப்படுகின்றது எனத் துணிதல் கூடாது என்று ஹ்யூம் பக்கத்தார் கூறலாம். கயிற்றைப் பாம்பெனக் கண்டானொருவன் உளனாதலால், பாம்பை ஒருவருங் காண்பதில்லை என்பது பெறப்படாதன்றோ எனின், அது மெய்யே. ஆனால் பாம்பையும் கயிற்றையும் வேறுபடுத்தற்கு அளவை உண்டு. தள்ளுதலையும் தள்ளுதல்போற் றோன்றலையும் வேறுபடுத்தற்கு அளவை யாது என்பதனை அம்மையார் அவ்வுரையில் வகுத்துக் காட்டவில்லை.

அவர் வகுத்துக் காட்டாதது அஃதொன்றன்று. அதனினும் பெரியது ஒன்றுண்டு. வருதல் என்னும் ஒரு சொல்லே அவர் கொள்கை முழுவதையும் தாங்கி நிற்கின்றது. மகவு பெற்றோரினின்றும் வருதலும், காகிதக் கப்பல் காகிதத்தினின்றும் வருதலும், அதே கப்பல் அதனை மடித்த சிறுவனிடத்திருந்து வருதலும், நோய் தொற்றினின்றும் வருதலும் ஒரே வகைய வருதலோ? காகிதம் கப்பலிலே தங்கியிருக்கின்றது, மடித்தவன் தங்கியிருக்கின்றிலன். முன்னது காரியத்தை விட்டு நீங்காத காரணம். பின்னது காரியம் முடிந்தபின் வேறாய் நிற்குங் காரணம். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என மூவகைப்படுத்திய பாரத நாட்டு நூலார்க்கு இவ்வேறுபாடு தொடக்கப் பாடம். மேனாட்டிலும் அரிஸ்டாட்டில் காரணங்களை நால்வகையாகப் பகுத்தார். அம்மையார் அவர் நூல்களிற் பெரும்பயிற்சி உடையவர். அங்ஙனமிருந்தும் இவ்வுரையில் வருதற்றன்மையைப் பகுத்துக் கூறாது, அது தெளிவாய் விளங்கிக் கிடப்பதே எனக் கூறி விட்டமை வியப்பைத் தருகின்றது.

இக்குறை சிறிதன்று. வருதலின் வகை பகுக்கப்படாமையின், அது விளக்கப்படாத சொல்லே எனப் பின்வந்தோர் தள்ளிவிட்டனர். 1973-ஆம் ஆண்டிலேயே டேவிட் லூயிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வேறொரு வழி கூறினார். இது நிகழாதிருப்பின் அது நிகழ்ந்திராது என்பது மெய்யாமிடத்து இது அதற்குக் காரணம் என்பது அவர் கூற்றின் கரு. தெளிவும் கணிதம் போன்ற ஒழுங்கும் உடைமையால் அக்கொள்கை பின்னைய ஆராய்ச்சியிற் பெரிதும் பரவியது. ஆயின் இரு சிறுவர் ஒரே குப்பியைக் குறித்துக் கல்லெறிய, முன்னவன் கல் முன்னே சென்று அதனை உடைப்ப, பின்னவன் கல் உடைந்த இடத்தைக் கடந்து சென்றது என்க. முன்னவன் எறியாதிருப்பினும் பின்னவன் கல்லாற் குப்பி உடைந்தே இருக்கும். அதனால் முன்னவன் காரணனல்லன் என்பது கூடுமோ? இவ்வொரு வழக்கைத் தீர்த்தற்கு லூயிஸ் 2000-ஆம் ஆண்டிலும் தம் கொள்கையைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. குப்பி எக்கல்லினின்றும் உடைந்தது என வினவுவானுக்கோ விடை ஒரு நொடியிற் கிடைக்கும். ஆகவே அம்மையார் சொல் வெறுஞ் சொல்லன்று. மெய்யான ஒன்றனைத் தொட்ட சொல். தொட்டதனைப் பகுத்துக் காட்டாமையே குறை.

பகுத்திருப்பின் அவர்தம் கொள்கைக்கே வலி மிகும் என்பதும் கருதற்பாலது. காரியம் காரணத்தில் முன்னரே உளது என்னும் சற்காரியவாதத்தை உடன்பட்ட சித்தாந்த நூலார், மண் உள்ள இடமெல்லாம் குடம் தோன்றியே தீரும் எனக் கூறினாரல்லர். மண்ணிற் குடம் சூக்குமமாய் நிற்பது. துணையும் நிமித்தமும் கூடியவழியே வெளிப்படுவது. காரணத்தில் காரியம் அடங்கியிருத்தல் ஒன்று, காரணத்தால் காரியம் கட்டாயப்படுதல் மற்றொன்று என்பது அவர் வகுப்பினின்றே பெறப்படும். மூன்றும் ஒருங்கு கூடிய காரணக்கூட்டத்தில் நியதி உண்டன்றோ எனின், அக்கூட்டத்துட் குயவனும் ஒருவன்; அவன் அறிவும் இச்சையும் உடையவன்; சக்கரத்தருகில் மண்ணை வைத்துக்கொண்டு வனையாதிருத்தலும் அவற்குக் கூடும். நியதியின்மை இருக்கவேண்டிய இடம் நிமித்த காரணத்தின்கண் என இங்ஙனம் வகுத்துக் காட்டல் இயலும். அம்மையாரோ அதனை எல்லாக் காரணத்திற்கும் பொதுவில் வைத்தமையால், ரேடியத்தின் சிதைவும் குயவனின் துணிவும் ஒரே தரத்தனவாய் நின்று விடுகின்றன.

இதன் விளைவு அவ்வுரையின் இறுதிப் பகுதியில், மக்களின் செயலுரிமை பற்றி அவர் கூறுமிடத்துத் தோன்றுகின்றது. உடம்பின் அசைவெல்லாம் பௌதிக நியதியால் முன்னரே முடிந்தனவாயின், அவ்வசைவையே தன் செயல் என ஒருவன் கூறுதலும், அதற்கு அவனைப் பழித்தலும் பொருளற்றன என்பது அவர் கருத்து. நியதியும் உரிமையும் முரண்படாமல் ஒருங்கிருக்கும் எனச் சமாதானங் கூறுவாரை அவர் சிறிதும் மதித்திலர். நியதியின்மை உரிமைக்கு வேண்டப்படுவது. ஆனால் அதுவே போதியதன்று என்றும் வரையறுத்துக் கூறினார். போதாமையை உணர்ந்து அவர் தரும் உவமை புதுமையானது. எண்ணிறந்த நிறத்துகள்கள் நிரம்பிய கண்ணாடிப் பெட்டி ஒன்று இடைவிடாது குலுக்கப்படுகின்றது. துகள்கள் ஒவ்வொரு சிறு பகுதியிலும் எவ்வாறு கலந்து நிற்கும் என்பதற்குப் புள்ளிக்கணித விதிகள் உண்டு; அவை மீறப்படுவதில்லை. ஆயினும் ஒரு பக்கத்தினின்று நோக்குவார்க்கு, அப்பெட்டியில் எப்பொழுதும் கோக்கா-கோலா என்னும் எழுத்துக்கள் பொறித்தாற்போலத் தோன்றிக் கொண்டேயிருக்கின்றன. அத்தோற்றத்திற்கு அவ்விதிகளினின்றும் பெறப்படாத வேறொரு காரணம் இருத்தல் கூடும்; இருப்பினும் விதிகள் மீறப்பட்டனவாகா. மக்களின் செயலும் அத்தகையதாகலாம் என்பது குறிப்பு.

உவமை கூடுதலைக் காட்டுகின்றது, உண்மையைக் காட்டவில்லை. எழுத்துக்களைத் தோற்றுவிக்கும் அவ்வேறு காரணம் யாது, அது துகள்களோடு எங்ஙனம் இயைந்தது என்பன பேசப்படவில்லை. அறிவுடைய காரணத்தை அறிவில்லாத காரணத்தினின்றும் வேறுபடுத்துமிடம் இதுவே. அவ்விடத்தில் உரை நின்றுவிடுகின்றது. இவ்வேறுபாட்டை அவர் அறியாதவருமல்லர். 1948-ஆம் ஆண்டு பெப்ருவரியில் ஆக்ஸ்போர்டில் நிகழ்ந்த சபையொன்றில், சி. எஸ். லூயிஸ் என்னும் ஆசிரியரோடு அவர் வாதிட்டார். இவர் மேற்கூறிய டேவிட் லூயிஸின் வேறானவர். எண்ணமெல்லாம் அறிவற்ற காரணத்தால் விளைவன எனின் ஓர் எண்ணமும் நம்பத்தக்கதாகாது என அவ்வாசிரியர் எழுதியிருந்தார். ஓர் எண்ணம் எக்காரணத்தால் விளைந்தது என்பது ஒரு வினா, அது எந்நியாயத்தால் மெய்யாகும் என்பது வேறு வினா என அம்மையார் பிரித்துக் காட்டினார். அவ்வாசிரியர் தம் நூலின் அவ்வதிகாரத்தை 1960-ஆம் ஆண்டிற் பதிப்பித்தபோது மாற்றி எழுதினார் என்பதே அவ்வாதத்தின் வலிமைக்குச் சான்று. 1957-ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்துடைச் செயல் பற்றிய நூலிலும், செய்வான் தான் செய்வதனைப் புறத்தே நோக்கி அறியாமல் செய்தலாலேயே அறியும் அறிவு ஒன்றுண்டு என அவர் விரித்துள்ளார். இவ்வளவும் கையில் வைத்திருந்தவர் அவற்றைக் காரண ஆராய்ச்சியோடு இணைத்துக் காட்டாதது கற்போர்க்கு இழப்பே. பழி என்பதனை அவர் ஏட்டில் மட்டும் ஆராய்ந்தவரல்லர். ஜப்பானிய நகரங்களின்மேல் அணுகுண்டு வீசப் பணித்த ட்ரூமனுக்கு 1956-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு சிறப்புப்பட்டம் வழங்கப் புகுந்தபோது எழுந்து நின்று மறுத்தவர்.

எப்பொருளுக்கும் காரணம் உண்டோ என்னும் முதல் வினாவை அவர் 1974-ஆம் ஆண்டில் எழுதிய இரண்டு கட்டுரைகளில் எடுத்துக்கொண்டார். காரணத்தை நினையாமலே ஒரு பொருள் தோன்றுதலை மனத்திற் கற்பித்தல் இயலும். ஆகலின் காரணமின்றித் தோன்றுதலும் கூடும் என்பது ஹ்யூம் வாதம். தாய்முயல் இன்றி ஒரு முயல் தோன்றுவதாக ஒருவன் கற்பிக்கலாம் என்பர் அம்மையார். அவன் கற்பித்தது யாது? ஒரு முயல் உளதாதலையும், பக்கத்தில் தாய் முயல் இல்லாமையையும் மனத்தில் ஓவியமாக வரைந்தான். ஓவியத்திற்கு, காரணமின்றித் தோன்றிய முயல் எனப் பெயரிட்டான். பெயரிட்டமையால் பொருள் கூடுதல் பெறப்படுமோ? அன்றியும், அம்முயல் அவ்விடத்துப் புதிதாய்த் தோன்றியதோ, வேறிடத்திருந்து வந்ததோ என்பதனை எங்ஙனம் துணிவது? இன்ன இடத்தில் இன்ன காலத்தில் தோன்றிற்று எனத் துணிதற்குப் பெரும்பாலும் துணையாவது, அதனைத் தோற்றுவித்தது இன்னது என்னும் அறிவே. காரணத்தை முற்றும் விலக்கியவன், தோற்றத்தையும் பெயர்ச்சியையும் வேறுபடுத்தும் வழியையும் உடன் விலக்கியவனாகின்றான்.

தோன்றி நின்று ஒடுங்குதல் உடைமையால் உலகிற்குக் காரணன் உண்டு எனத் துணியும் சிவஞானபோத முதற்சூத்திரத்தைப் பயின்றோர்க்கு இவ்வாதம் அயலதாகத் தோன்றாது. ஆயினும் இரண்டற்கும் உள்ள எல்லையை மறத்தல் கூடாது. அம்மையார் வாதம் அறியுமாற்றைப் பற்றியது. காரணமின்றித் தோன்றிய பொருளைத் தோன்றியது என அறிதல் அரிது என்பதனால், அத்தகைய பொருள் இருத்தலே கூடாது என்பது முடிந்துவிடாது. மெய்கண்டார் துணிந்ததோ பொருளின் இருப்பைப் பற்றியது. ஹ்யூமின் கற்பனை வாதம் ஒன்றையும் நிறுவவில்லை எனக் காட்டுதலே அம்மையார் அக்கட்டுரைகளில் மேற்கொண்டது. தோன்றுவன யாவற்றிற்கும் காரணம் உண்டு என்பதனைத் தாமே நிறுவுவதாக அவர் அவற்றில் உரிமை கொண்டாடவில்லை.